இரும்பா, வெள்ளைக் கல்லா?

ஜுனைத் மச்சான் உடைந்த எக்சலைச் சாக்கில் சுற்றித் தோளில் சுமந்து வந்து எங்கள் முன்னறைச் சுவரில் சாய்த்து வைத்தார். வெள்ளிக்கிழமை. வாப்பா ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். குசினியில் ராத்தா, என் அக்கா, கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாசத்தோடு கிரீஸ் நாற்றமும் சேர்ந்துகொண்டது.

"செவரு! செவரு!" என்று உம்மா ஓடி வந்தார். "பெருநாளைக்கு அடிச்ச வெள்ள, மருமகன்! அதுல கொண்டு வந்து சாத்துறீங்களே!"

மச்சான் பதறி எக்சலை இழுத்தார். அதற்குள் வெள்ளைச் சுவரில் ஒரு கறுப்புக் கோடு விழுந்துவிட்டது. ஈரத் துணியால் துடைத்தபோது கோடு பட்டையாகப் பரந்ததுதான் மிச்சம்.

லொறியின் பின் சக்கரத்தைச் சுழற்றும் இரும்புத் தண்டைத்தான் எங்கள் ஊரில் எக்சல் என்போம். லொறி வாப்பாவுடையது. பலாபத்வலையில் அவருக்கு ஒரு சுண்ணாம்புச் சூளை இருந்தது. ராத்தாவின் கணவரான ஜுனைத் மச்சான்தான் லொறி ஓட்டினார். லக்கலைக்குச் சுண்ணாம்பு கொண்டுபோய் இறக்கிவிட்டு, நெல் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில், ஒரு ஏற்றத்தில் லொறி நின்றுபோனது. யானை நடமாடும் காட்டுப் பாதையில் இரவைக் கழித்துவிட்டு, வந்த ஒரே பஸ்ஸைப் பிடித்து மச்சான் வீடு வந்து சேர்ந்திருந்தார்.

"நெல்லு எவ்வளவு ஏத்தின?" என்றார் வாப்பா.

"நீங்க செல்லின அளவு தான் மாமா."

"நான் செல்லின அளவு ஏத்தினா எக்சல் ஒடையுமா?"

நான் சாக்கை விலக்கி, உடைந்த முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அந்த நிமிடத்தைத்தான் இந்த வாரம் எழுத வந்தேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

உடைந்த முகம்

உள்ளங்கை அகலம்கூட இல்லாத வட்டம் அது. அதில் இரண்டு வகை நிலம் இருந்தது. பாதிக்கு மேல் வழவழப்பு. ஓரத்தில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி, சிப்பியின் ஓட்டில் இருப்பது போல வளைவு வளைவாகக் கோடுகள். மிச்சப் பகுதி சொரசொரப்பு. கல் உப்பைக் கொட்டி வைத்ததுபோல மின்னியது.

அப்படி ஒரு முகத்தைப் புத்தகத்தில் படமாகப் பார்த்திருந்தேன். கையில் பிடித்தது அதுதான் முதல் தடவை. திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் பாரத்தில் இரும்பும் களைத்துப்போகும். எங்கோ ஒரு கீறலில் வெடிப்பு தொடங்கும். ஒவ்வொரு பயணத்திலும் இம்மியளவு உள்ளே நகரும். வெளியே எதுவும் தெரியாது. மிஞ்சிய இரும்பு பாரத்தைத் தாங்காத ஒரு நாளில் பட்டென்று போய்விடும்.

"இது நேத்து ஒடஞ்சது இல்ல வாப்பா" என்றேன். "மாசக் கணக்கா ஒடஞ்சிக்கிட்டே இருந்தீக்கி. நேத்து முடிஞ்சிருச்சி, அவ்வளவுதான்."

மச்சானின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா மாமா! நான் ஒடைக்கல்ல. அதுவா ஒடஞ்சீக்கி!"

"அதுவா ஒடையிறதுக்கு அது எனத்த, பப்படமா?" என்றார் வாப்பா.

எல்லோரும் சிரித்தோம். பிறகு சோறு தின்னப் போனோம். நான் மட்டும் கையைக் கழுவிவிட்டு வந்து, இன்னொரு தடவை அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். உம்மா அதைக் கவனித்தார்.

இரண்டு கடிதங்கள்

நாடு சுதந்திரமடைந்து பதினைந்து ஆண்டுகள்வரை ஆகியிருக்கும். நான் இரசாயனத்தில் பட்டம் பெற்று, பேராதனையில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டும் வேலையில் இருந்தேன். வார இறுதியில் கண்டியிலிருந்து ரயிலேறி மாத்தளைக்கு வந்துவிடுவேன். அந்தச் சமயம் நீண்ட விடுமுறை, வீட்டோடு இருந்தேன்.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து போக அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. இரண்டு இடங்களுக்கு எழுதிப் போட்டிருந்தேன். இரண்டிலும் இடம் தருவதாகப் பதில் வந்ததுதான் வில்லங்கம். ஒன்று கிடைக்காமல் போயிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

இப்போது உலோகம், பீங்கான், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் படிப்பிக்கிறார்கள். பொருட்களின் அறிவியல் என்று அதற்குப் பெயர். அன்று எனக்கு வாய்த்தவை இரண்டு தனித்தனிக் கதவுகள். ஒன்றைத் திறந்தால் மற்றது மூடும்.

முதல் கடிதம் உருக்காலைகள் நிறைந்த ஒரு வட நகரத்திலிருந்து. உலோகவியல். சுருக்கமான, வறண்ட கடிதம். பாரம் ஏறி இறங்கும்போது உலோகம் எப்படி உடைகிறது என்று ஆராயும் ஒரு குழுவில் இடம் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் நகரம் புகைமூட்டமாக இருக்கும். சம்மதமானால் தெரிவிக்கவும். அவ்வளவுதான்.

இரண்டாவது, கோப்பைகளும் தட்டுகளும் செய்கிற ஊரொன்றிலிருந்து. பீங்கான் தொழில்நுட்பம். அன்பான, நீளமான கடிதம். படங்கள் போட்ட சிறு புத்தகமும் கூடவே வந்தது. என் ஊர்ப் பக்கம் வெள்ளைக் கல் தோண்டுகிறார்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். வரும்போது அதில் ஒரு துண்டு கொண்டுவர முடியுமா என்று அந்தப் பேராசிரியர் கேட்டிருந்தார். அந்த ஒரு கேள்வியில் நான் பாதி விழுந்துவிட்டேன்.

கைக்காவலைப் பக்கம் பூமிக்குள்ளிருந்து அந்தக் கல் வந்துகொண்டிருந்தது. ஃபெல்ஸ்பார் என்று அதற்குப் பெயர். உடைத்தால் பால்கட்டி மாதிரி தட்டையாகப் பிளக்கும். களிமண்ணோடு சேர்த்துச் சுட்டால் உருகி, பீங்கானுக்கு அந்த மினுக்கத்தைக் கொடுக்கும். அரசாங்கம் பீங்கான் தொழிற்சாலை நடத்தியது. அதைப் படித்து வந்தால் வேலை காத்திருந்தது. ஊரிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வாழ்க்கை.

இரும்பைப் படித்து வந்தால்? கொழும்பில் இருந்த அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "படித்து வாருங்கள். எங்கே போடுவது என்று பிறகு யோசிப்போம்" என்றார். அப்படி யோசிக்கப்பட்டவர்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டிலும் தெரியும்.

எதுவென்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தந்தி அடிக்க வேண்டும்.

சூளையும் ஒரு கொப்புளமும்

வாப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. "கல்லப் படி" என்றார். "சுண்ணாம்பும் கல்லுதான். கோப்பையும் கல்லுதான். நம்மட வீட்டுக்குக் கல்லு புதுசில்ல."

உண்மைதான். சின்ன வயதில் பள்ளி விடுமுறை வந்தால் நான் சூளையில்தான் கிடப்பேன். விறகும் கல்லும் மாறி மாறி அடுக்கி, நாள்கணக்கில் எரிய விடுவார்கள். வெந்த கல் பார்ப்பதற்கு அதே கல்தான். கையில் எடுத்தால் பாரமே இருக்காது. தண்ணீர் ஊற்றினால் சீறிக்கொண்டு கொதித்து மாவாக உதிரும். ஒரு தடவை அதைப் பார்க்கிற ஆசையில் எச்சில் தொட்ட விரலால் ஒரு துண்டை அமுக்கிப் பார்த்தேன். விரல் நுனி கொப்புளித்துவிட்டது. உம்மா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே வாப்பாவைத் திட்டினார். வாப்பா பெருமையோடு, "கல்லுக்குள்ள நெருப்பு ஈக்கின்னு இப்பவே வெளங்கிட்டான்" என்றார்.

அதனால் எனக்குக் கல் பிடிக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். பிடித்திருந்தது. அதுதான் கஷ்டம்.

நான் எதையும் கோடு போட்டு எழுதிப் பார்க்கிறவன். ஒரு முழுத்தாளில் அட்டவணை போட்டேன். இடப்பக்கம் இரும்பு, வலப்பக்கம் கல். பாடத்திட்டம், ஆய்வுகூடம், வழிகாட்டுபவர், திரும்பி வந்தால் வேலை, வீட்டாரின் விருப்பம் என்று பத்திகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். காலையில் கூட்டிப் பார்த்தால் கல் முன்னால் நிற்கும். மாலையில் மதிப்பெண்களைத் திருத்துவேன். இரும்பு எட்டிப் பிடிக்கும். தாளில் அழித்து அழித்து ஓட்டை விழுந்தது. புதிய தாள் எடுத்து, அதே பத்திகளை வேறு வரிசையில் எழுதினேன்.

உட்கார முடியவில்லை. பென்சில்களைச் சீவினேன். புத்தகங்களை உயரப்படி அடுக்கினேன், பிறகு பாடப்படி அடுக்கினேன். திருகோணமலை வீதியில் பஸ் நிலையம்வரை நடந்து, ஒரு வேலையும் இல்லாமல் திரும்பினேன். கொக்கோ காயப்போட்டிருந்த கடை வாசல்களில் புளித்த வாசம் அடித்தது. தெரிந்தவர்கள் "எங்க போறீங்க?" என்று கேட்டால் "சும்மா" என்பேன். திரும்பி வரும்போதும் அவர்களே கேட்பார்கள். அப்போதும் "சும்மா".

வீட்டுக்கு வந்ததும் கால்கள் தாமாகவே பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போகும். எக்சலின் துண்டுகளை உம்மா அங்கே ஒதுக்கி வைத்திருந்தார். மழைக்காற்றில் துரு பிடித்துவிடுமே என்று அந்த முகத்தில் எண்ணெய் தடவி வைத்தேன்.

"வீட்ட ஈக்கிற எண்ணெய இரும்புக்குத் தடவுறான்" என்று ராத்தா முறையிட்டாள்.

"தலைக்குத் தடவச் செல்லு. சூடு எறங்கும்" என்றார் மச்சான்.

மண்ணிறக் கனவு

எங்கள் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டில் எது நல்லது என்று தெரியாதபோது இஸ்திகாரா தொழுவோம். இரண்டு ரக்அத் தொழுது, இந்தக் காரியத்தில் நன்மை எதுவோ அதைக் காட்டு என்று இறைவனிடம் ஒப்படைத்துவிட்டுப் படுப்பது. கனவு வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை, மனம் ஒரு பக்கம் சாய்ந்தால் போதும் என்பார்கள் மார்க்கம் ஓதியவர்கள். எங்கள் தெருவில் கனவில்லாமல் இஸ்திகாரா முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. வெள்ளையோ பச்சையோ கண்டால் நல்லது. கறுப்போ சிவப்போ கண்டால் விட்டுவிட வேண்டியது. கலியாணம், காணி, கடை எல்லாம் அந்த நான்கு நிறங்களில் தீர்ந்தன.

என் விஷயத்தில் நிறங்கள் முன்கூட்டியே பங்கு போடப்பட்டுவிட்டன. கல் வெள்ளை. இரும்பு கறுப்பு. உலையில் போட்டால் சிவப்பு. இதைச் சொன்னவர் வாப்பா.

நான் தொழுதுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வருவதும் போவதுமாக இருந்தது. விடியற்காலையில் ஒரு கனவு கண்டேன். பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலையில் பணிஸ் என்கிற பன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதைப் பிய்க்க முடியவில்லை. அவ்வளவுதான்.

காலையில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன்.

"பணிஸ் எனத்த கலர்?" என்று வாப்பா கேட்டார்.

"பணிஸ் கலர்தான். மண்ணெறம்."

வாப்பா யோசனையில் ஆழ்ந்தார். ஜுனைத் மச்சான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "மண்ணெறம், இழுத்தாப் பிய்யாது. மச்சான், நீங்க ரப்பர் படிங்க!"

ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்கு ஓடினாள். வாப்பாவே சிரித்துவிட்டார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "இவனுக்கு மனசு ஒரு நெலையில இல்ல. இவன்ட கனவு செல்லாது. உம்மா தொழட்டும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

பிள்ளைக்காகத் தாய் தொழுவது எங்கள் பக்கம் சாதாரணம். உம்மா மறுக்கவில்லை. "செரி, தொழுறேன்" என்று மட்டும் சொன்னார்.

கோப்பையும் பீரிசும்

மறுநாள் உம்மா இடியப்பத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, யாரும் கேட்கும் முன்பே சொன்னார்.

"வெள்ள."

"வெள்ளயா?"

"ஓ. வெள்ளதான். நல்ல வெளிச்சமான வெள்ள."

வாப்பா "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுந்தே விட்டார். அன்று நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனவர் திரும்புவதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ராத்தா வட்டிலாப்பம் அவித்தாள். முடிவெட்டுகிறவர் என்னைக் கடையிலிருந்தே கூப்பிட்டு, "கோப்பையும் பீரிசும் செய்யப் படிக்கப் போறீங்களாமே! வரக்கொள்ள எங்களுக்கும் ஒரு செட்டு" என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். இந்தப் படிப்பு அவர்களுக்குப் புரிந்தது. கோப்பையையும் அதை வைக்கிற பீரிசையும் யார்தான் பார்த்ததில்லை?

எனக்கும் நிம்மதி வந்திருக்க வேண்டும். முடிவெடுக்கும் பொறுப்பு என் தலையிலிருந்து இறங்கிவிட்டது. அட்டவணையை மடித்து அலமாரியில் வைத்தேன். நிம்மதிக்குப் பதில் வந்தது, சட்டைக்குள் எறும்பு புகுந்த மாதிரி ஒரு தவிப்பு.

இதில் இரண்டு பக்கமும் இழப்பு இருந்தது. கல்லைத் தேர்ந்தால் அந்த உடைந்த முகத்தை இனி ஒருபோதும் உள்ளே புகுந்து பார்க்க மாட்டேன். இரும்பைத் தேர்ந்தால் இந்த வீட்டுக்குத் திரும்ப வழி இருக்குமா என்று தெரியாது. உம்மாவின் கனவு அதைத் தீர்த்துவிட்டது என்று நூறு தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை தந்தியின் வாசகத்தை எழுதி எடுத்துக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனேன். பீங்கான் இடத்தை ஏற்கிறேன் என்று வாசகம். வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். "நீங்க போங்க" என்று விட்டுக்கொடுத்தேன். பிறகு ஒரு வயதானவர். அவருக்கும் விட்டேன். பிறகு யாரும் கேட்காமலே விலகி விலகி நின்றேன். கடைசியில் உள்ளே இருந்தவர், "மாத்தயா, அனுப்புறதா இல்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பகல் சாப்பாட்டு நேரம் வந்தது. அவர் பலகையை இழுத்து மூடினார்.

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

குசினியில்

வீட்டுக்கு வந்தேன். வாப்பா சூளைக்குப் போயிருந்தார். ராத்தா அடுத்த வீட்டில். உம்மா குசினியில் தனியாக உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு பழக்கம், இன்றுவரை விடவில்லை. அன்றன்று நடந்ததை நாட்குறிப்பில் எழுதிவிடுவேன், அரைகுறையாக எழுத மாட்டேன். உம்மாவின் கனவை எழுத உட்கார்ந்தபோது என்னிடம் "வெள்ளை" என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை. எது வெள்ளை? துணியா, பாலா, கோப்பையா? அதை யாருமே கேட்கவில்லை. நிறம் கிடைத்ததும் எல்லோரும் எழுந்து போய்விட்டோம்.

"உம்மா, கனவுல வெள்ளையா எனத்தக் கண்டீங்க?"

"இந்த வீட்டத்தான்." துருவுவதை நிறுத்தவில்லை. "நம்மட முன்னறை. புதுசா வெள்ள அடிச்சீக்கி. சாமான் எல்லாம் வெளிய. கதவு, ஜன்னல் எல்லாம் தொறந்து வெளிச்சமா ஈக்கி."

"கோப்ப, பீங்கான் ஒண்ணும் இல்லையா?"

"இல்லையே."

"அப்ப கல்லுன்னு எப்படிச் செல்லலாம்?"

"நான் எப்ப கல்லுன்னு சென்னேன்? வாப்பா தானே செல்லிக்கிட்டுத் திரியிறாரு."

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"உம்மா, நீங்க தொழக்கொள்ள எனத்தக் கேட்டீங்க?"

"எனத்தக் கேப்பேன்? எங்கட மகன் போகவா, ஓணாமான்னு கேட்டேன்."

"இரும்பா கல்லான்னு கேக்கல்லையா?"

உம்மா சிரித்தார். "அதெல்லாம் எனக்கு எனத்துக்கு மகன்? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுக்கும் நீ கப்பல் ஏறத்தானே ஓணும். கல்லா இரும்பாங்கிறது ஒன்ட வேல."

உம்மா சிரட்டையைத் திருப்பிப் பிடித்துத் துருவினார்.

"அந்த அறையில யாரு இருந்தாங்க?" என்று கேட்டேன். நாட்குறிப்புக்காகத்தான் கேட்டேன்.

உம்மா சிரட்டையைக் கீழே வைத்தார். "வாப்பா. ராத்தா. மருமகன்."

"நான்?"

"நீ இல்ல."

வெள்ளை என்று சொன்ன காலையில் அந்தப் பாதியை அவர் தனக்குள்ளே வைத்துக்கொண்டுவிட்டார் என்று அப்போது புரிந்தது. போகவே வேண்டாம், கண்டது கறுப்பு என்று அவர் சொல்லியிருந்தால் போதும். நான் போயிருக்க மாட்டேன். வாப்பாவும் விட்டிருக்க மாட்டார்.

"நான் திரும்பி வருவேனான்னு கேட்டிருக்கலாமே உம்மா?"

"கேக்கல்ல."

"ஏன்?"

முந்தானையில் கையைத் துடைத்தார். "கேட்டா பதில் வரும் தானே" என்றார். மறுபடியும் சிரட்டையை எடுத்துக்கொண்டார்.

தந்தி

நான் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போனேன். எக்சலைத் திருப்பிப் பார்த்தேன். எண்ணெய் படர்ந்த வளைவுகள் அப்படியே இருந்தன. வெடிப்பு தொடங்கிய புள்ளியை விரலால் தொட்டேன். நகக்கண் அளவுகூட இல்லை. முதல் பயணத்தில் அது எப்படி இருந்திருக்கும், எதனால் அங்கே தொடங்கியது, வேறிடத்தில் ஏன் தொடங்கவில்லை?

இந்தக் கேள்விகள் வெள்ளைக் கல்லைப் பார்த்து எனக்கு வந்ததே இல்லை. கல்லைப் பார்த்தால் சந்தோஷம் வந்தது, ஊர் ஞாபகம் வந்தது, நல்ல வேலை ஞாபகம் வந்தது. என் அட்டவணையில் எத்தனையோ பத்திகள் இருந்தன. எதைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன் என்ற பத்தி மட்டும் இல்லை.

புதுத் தாளில் புது வாசகம் எழுதிக்கொண்டு மறுபடியும் தபால் கந்தோருக்குப் போனேன். இம்முறை யாருக்கும் வழி விடவில்லை.

அன்று மாலை வாப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. "உம்மாட கனவையே மிதிச்சிட்டுப் போறான்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரிலிருந்த அந்தக் கிரீஸ் கோட்டைப் பார்த்துச் சொன்னார்.

குசினி வாசலிலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "கண்டது நான். நான் ஒண்ணும் செல்லல்லையே. நீங்க ஏன் செல்றீங்க?"

வாப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார். நான் கப்பலேறும் நாள்வரை அவர் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புறப்படும்போது மட்டும் என் பெட்டிக்குள் கடதாசியில் சுற்றிய எதையோ வைத்தார். கப்பலில் பிரித்துப் பார்த்தேன். வெள்ளைக் கல். "அந்த மனுஷன் கேட்டாரே. கொண்டுபோய்க் குடுத்துடு" என்று மச்சானிடம் சொல்லி அனுப்பியிருந்தாராம், மச்சான் சொல்ல மறந்துவிட்டார். அந்தக் கல்லைத் தபாலில் பீங்கான் பேராசிரியருக்கு அனுப்பினேன். நன்றி சொல்லி இன்னொரு நீளக் கடிதம் எழுதினார், பாவம்.

முன்னறை

போன இடத்தைப் பற்றி வேறு அத்தியாயங்களில் எழுத நிறைய இருக்கிறது: புகை, மழை, ஆயிரக்கணக்கான தடவை வளைத்து வளைத்து உடைக்கப்பட்ட இரும்புத் துண்டுகள். அங்கேயே வேலை தருவதாகவும் சொன்னார்கள். அந்தக் கேள்விக்கு நான் அட்டவணை போடவில்லை. கொழும்பில் ரயில் பெட்டிகளின் எக்சல்களைச் சோதிக்க ஆள் தேவைப்படுவதாக அந்த உதட்டைப் பிதுக்கிய அதிகாரியே எழுதியிருந்தார். திரும்பி வந்தேன்.

மாத்தளை ரயில் நிலையத்துக்கு ஜுனைத் மச்சான் லொறியோடு வந்திருந்தார். புது எக்சல் என்று தட்டிக் காட்டினார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னறைக்குள் காலை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

சுவர்கள் பழுப்பேறிக் கிடந்தன. விளக்குக்கு மேலே கரி. கதிரைகள் உரசிய இடங்களில் அழுக்கு. மூலையில் சுண்ணாம்பு பெயர்ந்து மண் தெரிந்தது. நான் போன அன்று இருந்தது போலவே அந்தக் கறுப்புக் கோடும் அப்படியே இருந்தது. சுண்ணாம்பு முதலாளியின் வீட்டில், ஊரிலேயே அழுக்கான முன்னறை.

"எனத்த வாப்பா இது?"

"ஒன்ட உம்மாக்கிட்டக் கேளு" என்றார் வாப்பா. "ஒவ்வொரு பெருநாளைக்கும் ஆளக் கூட்டிக்கிட்டு வருவேன். மத்த அறையெல்லாம் அடிக்க விடுவா. இந்த அறைக்கு வந்தா, வாளியோட திருப்பி அனுப்பிருவா. காரணம் கேட்டா செல்றதும் இல்ல."

"மாமாட சுண்ணாம்பு செவத்துல ஒட்டாதுன்னு தெருவுல பேச்சு" என்றார் மச்சான். "ஏவாரமே கொஞ்சம் அடிபட்டுச்சி."

நான் உம்மாவைப் பார்த்தேன். அவர் என் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வெள்ளை அடித்த முன்னறையில் நான் இல்லாத அந்தக் கனவின் முழுக்கதையும் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலை சுண்ணாம்பு கொதிக்கும் வாசத்தில் கண் விழித்தேன். முற்றத்தில் பீப்பாய், ஆட்கள் வெள்ளையடிக்கும் தும்புக் கட்டையோடு நின்றார்கள். உம்மா வாசலில் நின்று கதிரைகளையும் மேசையையும் வெளியே எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிக் கதிரையை நான் தூக்கப் போனேன்.

"அத எடுக்காத மகன்" என்றார். "அது உள்ள ஈக்கட்டும். நீ அதுல இரி."

"வெள்ள அடிக்கக்கொள்ளயா? தலையிலெல்லாம் விழுமே உம்மா."

"விழட்டும். இரி."

வேலைக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் படித்து வந்த மகன், காலியான அறையின் நடுவில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறான். சுற்றிச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். துளிகள் என் தலையிலும், சீமைச் சட்டையிலும் விழுந்தன. ஜன்னல்கள் திறந்திருந்தன. சுவர் காயக் காய அறைக்குள் வெளிச்சம் ஏறியது.

உம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்கு சுவரும் வெள்ளையாகும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.